காக்கிக் கோட்டுக்குள் இருந்த ஆள்

கண்ணு,

இந்தக் கடிதமும் சேலத்திலிருந்து ரயிலேற்றிவிட்ட மரப்பெட்டியும் ஒரே நாளில் உன்னிடம் வந்து சேர்ந்தாலும் சேரும். அப்படி வந்தால் முதலில் கடிதத்தைப் படி. பெட்டியில் கை வைக்காதே. உன் அவசரம் எனக்குத் தெரியாதா? தீபாவளிக்கு வாங்கிய பட்டாசை ஆயுதபூஜைக்கே கொளுத்தித் தீர்த்தவன் நீ. இந்த ஒரு தடவை மட்டும் அம்மா சொல்வதைக் கேள். இங்கே எல்லாரும் சுகம். செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரி. மழை இந்த வருஷம் நம் பக்கம் பரவாயில்லை, கிணற்றில் படி மூழ்கிவிட்டது. ஊர்ச் சமாச்சாரம் அவ்வளவுதான். மற்றதையெல்லாம் சொல்லப் பொறுமையில்லை, பேனா தானாக ஓடுகிறது.

உன் கடிதம் வந்த அன்று உன் அப்பா பட்டறையில் பஸ் ஒன்றின் வயிற்றுக்கடியில் படுத்திருந்தார். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். பட்டணத்தில் விமானம் ஓட்டக் கற்றுத்தருகிற வாத்தியாரோடு முதல் முறை விமானத்தில் ஏறினாய், மேலே போனதும் கை நடுங்கிற்று, வயிற்றைப் புரட்டிற்று, இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாய், கூடப் படிக்கிற பையன்கள் சிரித்தார்கள் என்று எழுதியிருந்தாய். "அப்பாவுக்கு இருந்த துணிச்சல் எனக்கு இல்லை, அவருடைய பிள்ளை என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாயிருக்கிறது, மழைக்காலம் கழிந்து கார்த்திகையில் மறுபடி ஏறச் சொல்வார்கள், அதற்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுகிறேன்" என்று முடித்திருந்தாய். உன் அப்பா வெளியே வரவேயில்லை. ஸ்பேனர் சத்தமும் நின்றுவிட்டது. பஸ்ஸுக்கடியிலிருந்தே, "இன்னொருக்கா படி புள்ள, அந்தத் துணிச்சல்னு எழுதியிருக்கறானே, அந்த எடத்தை" என்றார். படித்தேன். "நாசமாப் போச்சு" என்றார். அவ்வளவுதான். அன்று மத்தியானம் சோறு வேண்டாமென்றார். சாயங்காலம் பார்த்தால் மூங்கிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" என்றேன்.

"அந்தப் பழைய ஏரோப்ளேனைச் சின்னதாப் பண்ணப் போறன். பையனுக்கு அனுப்போணும்."

"கடுதாசி எழுதுங்கன்னா பொம்மை செய்யறீங்களா?"

"எனக்கு எழுத வராது. செய்யத்தான் வரும்" என்றார்.

அந்தப் பழைய ஏரோப்ளேனை நீ பார்த்ததில்லை. கேள்விப்பட்டதோடு சரி. உன் அப்பா முதல் உலகச் சண்டையின்போது பஸ்ரா போனார், லாரி மெக்கானிக்காக. அங்கே பாலைவனத்தில் விமானங்களைக் கொட்டகையில் வைத்துப் பிரித்துப் பூட்டுவதைப் பார்த்தவருக்கு அது மண்டைக்குள் புகுந்துகொண்டது. திரும்பி வந்து, எங்களுக்குக் கல்யாணமாகி, ஏற்காட்டுத் தோட்டத் துரை ஒருத்தர் விற்றுப்போட்ட மோட்டார் சைக்கிள் எஞ்சின் கையில் கிடைத்ததும் ஆள் ஆளாக இல்லை. கொல்லிமலை மூங்கிலில் இறக்கைக்கு எலும்பு, வேங்கை மரத்தில் முன்னால் சுற்றுகிற விசிறி, சைக்கிள் சக்கரம் இரண்டு, உட்கார ஒரு பிரம்பு நாற்காலி. காரும் பஸ்ஸுமே அதிசயமாயிருந்த காலம் அது. ஊரே வந்து பார்த்துவிட்டு, "பஸ்ராவுல வெய்யிலு ஜாஸ்தி போல" என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

இறக்கைத் துணி என் வேலை. செவ்வாய்ப்பேட்டையில் நான்தான் கடை கடையாக ஏறி இறங்கி, நெருக்கமாக நெய்த மல் துணியாகப் பார்த்து வாங்கி வந்தேன். தைத்து மூங்கில் மேல் இழுத்துக் கட்டியாயிற்று. ஆனால் துணி தொளதொளவென்று கிடக்கிறது. வெள்ளைக்காரர்கள் ஏதோ மருந்து பூசுவார்களாம், அது விறைத்துக்கொள்ளுமாம். அந்த மருந்துக்கு நாங்கள் எங்கே போவது? தறியில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற மாதிரி போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். அரிசிக் கஞ்சியில் புளியங்கொட்டைப் பசையைக் கலந்து நானே காய்ச்சி, தென்னம்பாளையை நசுக்கிய பிரஷ்ஷால் நானே பூசினேன். காய்ந்ததும் தட்டினால் டம் டம் என்றது. எனக்கு ஒரே பெருமை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், அடப்பாவமே, பக்கத்துக் காட்டு வெள்ளாடுகள் கொட்டகைக்குள் புகுந்து வலது இறக்கையில் பாதியைத் தின்றுவிட்டிருந்தன! அரிசிக் கஞ்சி, புளியங்கொட்டை, உப்புக்கூட ஒரு கல் போட்டிருந்தேன். விருந்து வைத்துவிட்டு வராதே என்றால் ஆடு கேட்குமா? ஆடு வளர்க்கிற வீட்டில் பிறந்த எனக்கு அது தோன்றவில்லை பார். உன் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. பிறகு வேலியோரம் போய் ஆடாதொடை இலையாக ஒடித்து வந்தேன். அதை எந்த ஆடும் முகர்ந்துகூடப் பார்க்காது. அந்த இலையைச் சாறெடுத்துக் கஞ்சியில் ஊற்றிப் பூசினேன். இறக்கை வெளிறிய பச்சையாகி, கஷாயம் மாதிரி மணத்தது. ஆடு மட்டுமில்லை, கரையான்கூட அண்டவில்லை.

இந்தக் கதையெல்லாம் உனக்குத் தெரியும். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு சித்திரை மாதத்தில், வற்றிக் கிடந்த ஏரிக்குள், உன் அப்பா காக்கிக் கோட்டும் குல்லாயும் போட்டுக்கொண்டு அதை ஓட்டிக் கிளம்பினார், அது பனைமரத்தில் பாதி உயரத்துக்கு எழும்பி ஏரிக்கரை வரைக்கும் பறந்தது, கரைமேல் ஆடு மேய்த்தவர்கள் கண்ணாலே பார்த்தார்கள். நாமகிரிப்பேட்டைச் சந்தையில் இன்றைக்கும் உன் அப்பாவைப் பார்த்தால், "பறந்த கவுண்டர் போறாரு பாரு" என்பார்கள். நீயும் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தாய். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லியே எத்தனை பேரிடம் கொடுக்காப்புளி வாங்கித் தின்றிருப்பாய்!

இப்போது பெட்டிக்குள் இருப்பதைப் பற்றிச் சொல்கிறேன். ஐப்பசி முழுக்க வீடு வீடாக இல்லை. முழத்துக்கு மூன்று விரல் என்று கணக்கு வைத்துக்கொண்டார் உன் அப்பா. பெரிய விமானத்தின் அளவுகளைப் பட்டறைச் சுவரில் ஆணியால் கீறி வைத்திருந்தார் அல்லவா, சுண்ணாம்பு அடிக்க விடாமல் சண்டை போடுவாரே, அந்தச் சுவர்தான். அங்கே ஒரு முழம் என்றால் இங்கே மூன்று விரல். விசிறிக்கு அதே வேங்கை மரம். எஞ்சினைக் கலியாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, தகரத்தை வெட்டி மடிப்பு மடிப்பாகச் சுற்றினார். சக்கரம் கொட்டாங்குச்சியில். நான் சோறு போட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டால், "சித்தெ இரு, சித்தெ இரு" என்று சொல்லிச் சொல்லியே சோறு ஆறிப்போகும். நானும் இரண்டு நாள் கத்திப் பார்த்தேன். மூன்றாம் நாள் நானே சோற்றை மறந்துவிட்டு ஊசியும் நூலுமாகப் பட்டறையில் உட்கார்ந்துகொண்டேன். இந்த வயதில் இப்படி ஒரு கூத்து! மழையில் கஞ்சி காயாமல் படுத்தியது. அடுப்புக்கு மேலே பரண்கட்டி அதில் இறக்கையைக் கிடத்தி, புகை படாமல் விசிறி விசிறிக் காய வைத்தேன். ஒரு வாரம் அடுப்படியில் ரசத்து வாசனைக்குப் பதில் ஆடாதொடை வாசனைதான்.

அந்தத் துணி எது தெரியுமா? பழைய இறக்கையின் மிச்சம். பெரிய விமானம் அந்த ஒரு பறப்போடு சக்கரம் ஒடிந்து, இறக்கை முறிந்து கொட்டகைக்கு வந்துவிட்டது. மூங்கிலைச் சுரைக்காய்ப் பந்தலுக்கு உருவிக்கொண்டோம். நல்லதாக மிஞ்சிய துணியைத் துவைத்துத் துவைத்து மெதுவாக்கி உனக்குத் தூளி கட்டினேன். எத்தனை வெள்ளாவி வைத்தும் அந்த வாசனை முழுசாகப் போகவில்லை. அதில்தான் நீ தூங்கினாய், அதைத்தான் இப்போது வெட்டித் தைத்தேன். பிற்பாடு உனக்கு இருமல் வந்து ஆடாதொடைக் கஷாயம் கொடுத்தால், எல்லாக் குழந்தையும் துப்பும், நீ மட்டும் நக்கி நக்கிக் குடிப்பாய்.

எல்லாம் முடிந்து நாற்காலியில் உட்கார வைக்க ஆள் செதுக்குகிற கட்டத்தில்தான் எங்களுக்குச் சண்டை வந்தது. உன் அப்பா செதுக்கி முடித்து வெயிலில் வைத்திருந்த பொம்மையைப் பார்த்தேன். காக்கிக் கோட்டு, குல்லாய், எல்லாம் சரி. கோட்டுக்குக் கீழே சேலை கட்டியிருந்தது.

பொம்மையை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினேன். "இதென்னங்க வேலை? பையன் பார்த்தா என்ன நெனைப்பான்? ஒழுங்கா உங்களையே செதுக்கி வையுங்க."

"நீ உக்காந்ததை நான் உக்காந்தேன்னு செதுக்க எனக்குக் கை வர மாட்டேங்குது புள்ள. ஒவ்வொரு ஆணியும் இருந்த மாதிரியே அடிச்சிருக்கறன். ஆளை மட்டும் மாத்தறதா?"

ஆமாம் கண்ணு. இப்போது உட்கார்ந்துகொள். அன்றைக்குப் பறந்தது உன் அப்பா இல்லை. நான்.

நான் விடவில்லை. பிடிவாதம் பிடித்து அவரையே ஒரு பொம்மையாகச் செதுக்க வைத்தேன், அளவு மாறாமல், அந்தக் காலத்துத் தொந்தி உட்பட. மழை விட்ட ஒரு மத்தியானம் சோளத்தட்டுப் போர்மேல் ஏறி நின்று, அந்தப் பொம்மையை உட்கார வைத்து விமானத்தைக் கையால் விட்டார். வால் சாய்ந்து, பொத்தென்று போரடியிலேயே விழுந்தது. இன்னொரு தடவை விட்டார். அப்படியேதான். "பாத்தியா, அன்னைக்கும் இதேதான்" என்றார். பிறகு என் பொம்மையை வைத்து விட்டார். கண்ணு! அது போயிற்று! கிணற்று மேட்டைத் தாண்டி, வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு, யாரோ கீழே தாங்கிப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி ஆடாமல் அசையாமல் போய்க் கொள்ளுக்காட்டில் இறங்கிற்று. போர்மேல் நின்றுகொண்டு உன் அப்பா கத்தின கத்தலில் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டது. நான் சேற்றில் விழுந்தடித்து ஓடினேன். என் வயதையும் முழங்கால் வலியையும் மறந்தேபோய்விட்டேன். இனி என்ன மறைப்பு என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன், கேள். அந்தச் சித்திரையில் தினமும் விடிந்ததும் உன் அப்பா விமானத்தை ஏரிக்குள் ஓட்டுவார். காற்று இல்லாத நேரம் அதுதான் என்பார். முதலில் ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. அது வண்டி மாதிரி ஓடுமே தவிர எழும்பவில்லை. வரவர ஆள் குறைந்து, கடைசியில் நாங்களும் உன் சித்தப்பாவும்தான் மிச்சம். காலைக் காற்றின் ஈரத்தில் கஞ்சி தளர்ந்து துணி தொங்குகிறது என்று நான் கண்டேன். உச்சி வெயிலில் தட்டிப் பார்த்தால் தம்பட்டம் போல விறைத்திருந்தது. "மத்தியானத்துல ஓட்டிப் பாருங்க" என்றேன். ஓட்டினார். வால் எழும்பிற்று, ஆள் எழும்பவில்லை. இறங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "எஞ்சினுக்குச் சத்துப் பத்தாது. என்னைத் தூக்காது. உட்டுரு" என்றார். அந்த முகத்தை எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"நான் உக்காரட்டுங்களா?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேனா என்று எனக்கே சந்தேகம்.

உன் சித்தப்பா, "அண்ணி, வேண்டாமுங்க, ஆத்தாளுக்குத் தெரிஞ்சா கொன்னுபோடும்" என்று கையைப் பிசைந்தார். உன் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்போது நான் கோழிக்குஞ்சு மாதிரி இருப்பேன். கம்பி இழுத்துக் கட்டிய நாளெல்லாம், மாதக்கணக்கில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவர் "இழு, தள்ளு" என்றபடியெல்லாம் ஓட்டுகிற கம்பை அசைத்துக் காட்டியவளும் நான்தான். எது எதை அசைக்கும் என்று எனக்கு மனப்பாடம். உன் அப்பா கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். கூந்தல் பறக்காமல் குல்லாயை அழுத்தி வைத்தார். "கரை வந்தா எஞ்சினை நிறுத்தற சுச்சை அமுத்திப்போடு. அது மட்டும் மறந்தராத, சாமி" என்றார். என்னைச் சாமி என்று அவர் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

கை நடுங்கிற்றா என்று கேட்கிறாயா? கம்பைப் பிடித்தவுடன் கம்போடு சேர்ந்து விமானமே நடுங்கிற்று, எஞ்சின் ஓடுவதற்கு முன்னாலேயே!  பயம் போகட்டும், பிறகு கிளம்பலாம் என்று காத்திருந்தால் சித்திரை போய், வைகாசி மழை பெய்து, இறக்கைக் கஞ்சி கரைந்து தரையில் சொட்டியிருக்கும். பயத்தோடேயே கிளம்பினேன். சித்தப்பா வாலைப் பிடித்துக்கொண்டார், உன் அப்பா விசிறியைச் சுற்றிவிட்டு எட்டிக் குதித்தார். தடதடதடவென்று ஏரி மண் முதுகெலும்பில் இடித்தது. திடீரென்று இடி நின்றுவிட்டது. என்ன ஆயிற்று, உடைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தால் என் நிழல் எனக்கு வெகு கீழே ஓடுகிறது! ஐயோ கண்ணு, அதை எப்படிச் சொல்வேன்! கருவேலமரத்தின் உச்சியை நான் மேலிருந்து பார்த்தேன். அதில் ஒரு காக்கைக் கூடும், உள்ளே நாலு முட்டையும் இருந்தன. கொல்லிமலை எனக்கு நேராக நின்றது. வாய்விட்டுச் சிரித்தேன், என் சிரிப்பு எனக்கே கேட்கவில்லை. கரை வந்தது. சுவிட்சை அமுக்கினேன். விழுந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும், இறங்கினோம் என்று சொன்னால் பொய். சக்கரம் ஒடிந்து, இறக்கை மண்ணில் உரசி நின்றது. நாற்காலியிலிருந்து இறங்கினேன். அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். காலையில் குடித்த பழைய சோற்று நீச்சத்தண்ணி எல்லாம் வெளியே வந்தது.

உன் அப்பா ஓடி வந்தார், வேட்டி அவிழ்ந்தது தெரியாமல். "ஏனுங்க, நான் பறந்தேனுங்களா?" என்றேன். "பறந்துபோட்டெ புள்ள! பறந்துபோட்டெ!" என்று என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சித்தப்பா அதற்கு மேல் அழுதார். கரைமேல் ஆட்டுக்காரர்கள் கூவிக்கொண்டு நின்றார்கள். தூரத்திலிருந்து அவர்களுக்குத் தெரிந்தது ஒரு காக்கிக் கோட்டும் குல்லாயும்தான். கோட்டு யாருடையதோ அவர்தானே பறந்திருக்க வேண்டும்? சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. உன் அப்பா எல்லாரிடமும் உண்மையைச் சொல்லக் கிளம்பினார், அவர் வாயைப் பொத்தினவள் நான். உன் அப்பத்தாளை உனக்குத் தெரியும். வீட்டு மருமகள் ஆம்பிளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஆகாயத்தில் போனாள் என்று கேட்டால் அன்றைக்கே என்னைப் பிறந்த ஊட்டுக்கு அனுப்பியிருப்பாள். சந்தையில் யாராவது "பறந்த கவுண்டர்" என்றால் உன் அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்வாரே, தன்னடக்கம் என்று நீ நினைத்தாய். வேறொருத்தி பட்டத்தைச் சுமக்கிற எரிச்சல் அது. போன ஆடியில் அப்பத்தா போய்ச் சேர்ந்தாள். இனி என்னை யார் அனுப்புவது?

ஆகவே, அப்பாவின் துணிச்சல் உனக்கு இல்லை என்று இனிமேல் எழுதாதே. அப்படி ஒரு துணிச்சல் இருந்து நீ அதைத் தொலைத்துவிடவில்லை. நடுங்கின கை என்னுடையது. வாந்தி என்னுடையது. எல்லாம் ஒழுங்காக வழிவழியாகத்தான் வந்திருக்கிறது. சிரித்த பையன்களிடம், என் ஆத்தாளும் இப்படித்தான் வாந்தி எடுத்தாள், பறந்துவிட்டுத்தான் எடுத்தாள் என்று சொல். நம்பவில்லையென்றால் பெட்டியைத் திறந்து காட்டு.

ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். பிற்பாடு உன் அப்பத்தாளுக்கு இன்னும் அதிகமாகப் பயந்ததன் காரணம் அதுதான். அன்று தொடங்கிய வாந்தி மறுநாளும் நிற்கவில்லை. அதற்கு மறுநாளும். ஆகாயம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நானும் உன் அப்பாவும் திகிலடைந்து கிடந்தோம். கடைசியில் மருத்துவச்சி வந்து நாடி பிடித்துப் பார்த்துச் சிரித்தாள். "ஆகாயமுமில்லை, ஒண்ணுமில்லை. மாசமா இருக்கறெ அம்மிணி. நாள் தள்ளி வெகுநாளாச்சு, உனக்குத்தான் தெரியலை" என்றாள்.

உன் அப்பா இப்போது என் பொம்மையின் வயிற்றுப் பக்கம் கோட்டின் ஒரு பொத்தானை மட்டும் போடாமல் விட்டிருக்கிறார். ஏனென்று கேட்டேன், "உள்ள ஆளிருக்கறானே, மூச்சு முட்டாதா?" என்றார்.

சரி, இனிப் பெட்டியைத் திற. இறக்கைகளைத் தனியாகக் கழற்றி வைக்கோலுக்குள் வைத்திருக்கிறோம், பார்த்து எடு. துணியை முகர்ந்து பார். கார்த்திகையில் அவர்கள் கூப்பிடும்போது வயிறு புரட்டினால் புரட்டட்டும், ஏறிவிடு. உனக்கு அது இரண்டாம் தடவை இல்லை, மூன்றாம் தடவை.

உன்னோடு முதல் தடவை பறந்த,
அம்மா